வாரேனுங்க

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். பெருந்துறையிலிருந்து பவானிக்குப் போகும் குறுக்குச் சாலை. இரண்டு பக்கமும் மஞ்சள் காடு. நடுவில் ஒரு வாய்க்கால் பாலம். லாரிக்காரர்கள்கூட அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பமாட்டார்கள்... அந்தப் பாலத்தின் மேல் வந்துதான் தாரிக்கின் வண்டி நின்றது.

கரண்ட் வரும்வரை ஏதாவது சொல் என்றீர்கள், சொல்கிறேன். நடுவில் யாரும் செல்போன் வெளிச்சம் அடிக்க வேண்டாம். தாரிக் வேறு யாருமில்லை, நம் ஷாநவாஸின் சித்தப்பா மகன். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஷாநவாஸ் இன்றைக்கு வரவில்லை, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். அவன் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

தாரிக்கிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. அவனைவிட மூத்த வண்டி. காலையில் அதை உதைத்து எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். விற்றுத் தொலை என்று சொல்லாத ஆளில்லை, கேட்டால்தானே? அவன் மனைவி மிஸ்பா பிரசவத்துக்காகப் பவானியில் தாய் வீட்டில் இருந்தாள். வருடக்கணக்காக ஏங்கி, மருந்தெல்லாம் சாப்பிட்டு உண்டான பிள்ளை. பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தான். அது ஒன்றுதான் அவனுக்குக் குறி. சனிக்கிழமை பட்டறையைச் சாத்தியதும் அந்த வண்டியிலேயே கிளம்பிவிடுவான்.

அன்றைக்கு வண்டி பாலத்தின் மேல் ஏறியதும் இருமியது. புறு... புறு... அடங்கிவிட்டது. அப்புறம் தவளைச் சத்தம் மட்டும்தான்.

ரிசர்வில் போட்டு உதைத்தான். இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. டியூபைப் பிடுங்கினான். நாலு சொட்டு சொட்டிவிட்டு நின்றுபோனது. வண்டியை ஆட்டினால் டேங்கில் சளக் சளக் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் பொடித் துளை ஜெட்டை வாயில் வைத்து ஊதினான். நாக்கெல்லாம் எரிந்தது. மாட்டினான், உதைத்தான். ம்ஹூம்.

"டேங்கு மூடியைத் தொறந்து பாருங்க."

பாலத்துக்குக் கீழிருந்து குரல். வயதானவர் குரல். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்று... எட்டிப் பார்த்தான், இருட்டு. தண்ணீர் கட்ட வந்த தோட்டத்துக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திறந்தான்.

உஸ்ஸ்ஸ்... டேங்க் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது, காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அவ்வளவுதான் விஷயம். ஓட்டையைக் குத்திவிட்டு உதைத்தான், ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. ஆனால் டேங்கிலிருந்து பெட்ரோல் வாசத்தோடு இன்னொரு வாசமும் வந்தது. பாசி வாசம்.

உதவி செய்தவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப முடியுமா? ஆள் யார், என்ன ஊர், சலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா, எதுவும் தெரியாது. நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் சொன்னான்.

"அப்ப வாரேனுங்க."

கீழிருந்து பதில் வந்தது. "வாங்க."

அடுத்த சனிக்கிழமை அதே பாலம். வண்டி அதே இடத்தில் இருமி நின்றது. மூடியை உடனே திறந்தான், மூச்சு ஒன்றும் இழுக்கவில்லை. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தான். பெட்ரோலுக்குக் கீழே தண்ணீர். குளிர்ந்த தண்ணீர்... நடுவில் பச்சையாக ஒரு நூல் பாசி.

"வந்துட்டீங்களா?" என்றது கீழிருந்து.

தாரிக் கையை உதறினான். எப்படித் துடைத்தான், எப்படி மாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வண்டி பிடித்ததும் நாக்குப் பழக்கதோஷத்தில் தானாகச் சொல்லிவிட்டது, வாரேனுங்க என்று.

"வாங்க."

ஊர் திரும்பியதுமே பட்டறைக்குப் பக்கத்துக் கடை மெக்கானிக் பெனடிக்டிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பெனடிக்ட் டேங்கைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தான். புது மூடி, புது டியூப். கார்பரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டினான்.

"இது பங்க்குத் தண்ணி இல்லீங்க தாரிக்கு. வாய்க்கா வாசம் அடிக்குது. என்ன பண்ணுனீங்க?"

தாரிக் நடந்ததைச் சொன்னான். பெனடிக்ட் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"வாரேன்னா சொன்னீங்க? வாக்குக் குடுத்துப்போட்டீங்களே! இனிமே வாயவே தொறக்காதீங்க. பேசாம வந்துருங்க."

அடுத்த வாரம் வேறு வேலை வந்து நேரமாகிவிட்டது, அதே குறுக்கு வழி. வண்டி நின்றது. தாரிக் உதட்டைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றினான், கொட்டினான், மாட்டினான். எத்தனை உதைத்தும் பிடிக்கவில்லை. சரி என்று வாயைத் திறக்காமல் தள்ள ஆரம்பித்தான். அப்போது பின்னாலிருந்து, மனத்தாங்கலோடு, அந்தக் குரல்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறீங்களே... இதென்ன எழவு ஊடுங்களா?"

உங்களுக்குத் தெரியாததா. சாவு வீட்டிலிருந்துதான் நாம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். தாரிக் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி மட்டும் ஆள் உட்கார்ந்ததுபோல் கனத்தது. பவானிவரை தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. மாமியார் சித்திகா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மழையே இல்ல... பின் சீட்டு மட்டும் ஏன் இப்பிடி நனைஞ்சிருக்குது?"

அதற்குப் பிறகு தாரிக் வண்டியைத் தொடவில்லை. பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பஸ்ஸில் போய் வந்தான். வாய்க்காலிலும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கோடை வந்தது. பாலம், குரல் எல்லாம் கெட்ட கனவு என்று அவனே அவனைத் தேற்றிக்கொண்டான்.

பிள்ளைக்கு நாள் இருந்தது. ஆனால் ஓர் இரவு சித்திகாவிடமிருந்து போன் வந்தது. வலி எடுத்துவிட்டது, ரத்தம் போகிறது, டாக்டரம்மா பயப்படுகிறார், உடனே வாங்க. பஸ் இல்லாத நேரம். டாக்ஸிக்காரன் போனை எடுக்கவில்லை. பெனடிக்ட் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். தாரிக் பட்டறை மூலையைப் பார்த்தான். வேறு வழியே இல்லை. தார்ப்பாயை உருவினான்.

ஒரு உதை. பிடித்துக்கொண்டது. அப்போதாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

குறுக்குச் சாலையில் திரும்பவில்லை. பெரிய ரோட்டிலேயே போனான். விளக்கு வெளிச்சம், லாரி, டீக்கடை, ஆள் நடமாட்டம். என்ன பயம்? ஆனால் வாய்க்கால் என்ன ஒரே இடத்திலா ஓடுகிறது? பெரிய ரோட்டையும் அது ஓரிடத்தில் தாண்டித்தானே போகிறது... அது அவன் நினைவிலேயே இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் கண்ணில் பட்டபோது வண்டி இருமியது. புறு... புறு...

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி இல்லை. தாரிக் கிண்ணத்தைக் கழற்றினான், தண்ணீர். கொட்டிவிட்டு மாட்டினான், உதைத்தான். மறுபடி கழற்றினான், மறுபடி தண்ணீர். கையெல்லாம் பெட்ரோல், கண்ணெல்லாம் கண்ணீர். மிஸ்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இங்கே கொடுத்த வாக்கு ஒரு பக்கம். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பும்போது போன் அடித்தது.

"எங்க இருக்கறீங்க மாப்பிள்ளை? மிஸ்பா புள்ள உங்களயேதான் கேக்குது..."

பின்னால் மிஸ்பா முனகுவது கேட்டது. தாயாகப் போகிறவள் அப்படி முனகும்போது ஒரு மனிதன் வேறு என்ன சொல்வான், நீங்களே சொல்லுங்கள்.

"வாரேனுங்க மாமி! இதோ வாரேன்... வாரேன்!"

"வாங்க" என்றது.

அதைச் சித்திகாவும் போனில் கேட்டிருக்கிறார். "யாரோ பெரியவங்க மரியாதையா வாங்கன்னாங்க. கூட ஆள் இருக்குது, கூட்டிட்டு வந்துருவாங்கன்னு நிம்மதியா வெச்சுப்போட்டேன்" என்று அப்புறம் சொல்லிச் சொல்லி அழுதார்.

பொழுது விடிவதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மிஸ்பா பிழைத்துக்கொண்டாள். கண் திறந்ததும் வாசலைத்தான் பார்த்தாள்.

ஷாநவாஸும் பெனடிக்டும் தேடிப் போனபோது பாலத்தின் ஓரம் வண்டி ஸ்டாண்டில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அணைந்துவிடும் வண்டி அது, பிறந்த நாளிலிருந்து அப்படி நின்று ஓடியதில்லை. இப்போது பிசிறில்லாமல் ஓடுகிறது. பெனடிக்ட் டேங்க் மூடியைத் திறந்தான். கழுத்துவரை தண்ணீர். பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை. கீழே எட்டிப் பார்த்தார்கள். வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த மண்ணில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்துபோன ஈரக் கால்தடம்... கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. தாரிக் இன்றுவரை கிடைக்கவில்லை.

குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அம்மா சொல்வதில்லை, அத்தா சொல்வதில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாரேன் என்றால் நிமிர்ந்து பார்த்து, வாங்க என்கிறது. பால் மணம் மாறாத வாய்க்கு எத்தனை மரியாதை பாருங்கள் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சித்திகா மட்டும் சிரிப்பதில்லை. அந்தக் கொழகொழத்த குரலை அவர் ஒருமுறை போனில் கேட்டிருக்கிறார்.

கரண்ட் வந்துவிட்டது. நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள்.

சரி... யார் முதலில் சொல்லிக்கொண்டு கிளம்புகிறீர்கள்?