நாயாற்றுக்காரி சொன்ன பதில்

1962 மார்ச் 14, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து, மேகமில்லாத வெயில். வவுனியா போகும் பஸ்ஸில் முப்பத்தொரு பேரும் இரண்டு கோழிகளும். நான் கனகராயன்குளத்தில் இறங்க வேண்டியவன். எனக்கு முன்னால் கருவாடு நிறைந்த ஓலைக் கடகத்தோடு, நாயாறு என்ற கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு நாயாற்றுக்காரி. அவள் பக்கத்தில் இங்கிலீஷ் கவிதைப் புத்தகத்தோடு ஓர் இளம் ஆசிரியை.

"இங்கிலீஷ்காரருக்கும் மனம் நோகுமோ, பிள்ளை?" புத்தகத்தை எட்டிப் பார்த்து நாயாற்றுக்காரி கேட்டாள்.

"நோகும் அக்கா. இந்தக் காலத்து இங்கிலீஷ் கவிதை முழுக்க அதுதான். சனம் நிறைஞ்ச பட்டினத்தில மனிசன் தனிச்சுப் போனானாம்."

"அதுக்கு ஏன் உங்கட முகம் வாடியிருக்கு?"

"நாளைக்குச் சோதினை. இரண்டு தரம் தவறிட்டன்; இதிலயும் தவறினால் வேலை போயிடும். இவ்வளவு துக்கத்தை வச்சுக்கொண்டு இந்தக் கவிஞர்கள் ஏன் கோப்பை, கதவு எண்டு சின்னச் சாமான்களைப் பற்றி எழுதுகினம் எண்டு கேப்பினம். எனக்குப் பதில் தெரியேல்லை."

நாயாற்றுக்காரி சிரித்தாள்.

"என்ரை மனுசன் கடலுக்குப் போய் மூண்டு வருசம். திரும்பேல்லை. ஊர் முழுக்க அழுதது, எனக்கு அழுகை வரேல்லை. போன கிழமை கறிக்கு உப்புக் கூடிப்போச்சு. ஏசுறதுக்கு ஆளில்லையே எண்டு குசினிக்குள்ள அடுப்படியில இருந்து அழுதன்."

ஆசிரியை பென்சிலை எடுத்தாள்.

"இதுதான் அக்கா பதில்."

"ஐயோ, உப்புக் கூடினதை எழுதாதேங்கோ! சமைக்கத் தெரியாதவள் எண்டு நினைக்கப்போகினம்."

"அதைத்தான் முதல் எழுதப்போறன்."

பதினொரு வரி எழுதினாள். கடைசி வரி முடிந்தபோது பஸ் நான் இறங்க வேண்டிய கனகராயன்குளத்தைத் தாண்டிப் புளியங்குளத்தில் நின்றது. எனக்கு மேலதிகக் கட்டணம் முப்பத்தைந்து சதம், திரும்பி வர முப்பத்தைந்து; ஆக எழுபது சதம்.