மறுதொடக்கத்திற்குப் பின்

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலான கோளாறுகள் தீர்ந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். நானும் அதைத்தான் செய்தேன்.

என் தங்கை முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகிறாள். அதற்காக நான் எழுதிய மென்பொருள், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு கணினியில், வெளியார் எவருடைய தயவுமின்றி இயங்கிற்று. கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்தினால் செவிலியின் கைப்பேசி ஒலிக்கும். முதற்பதிப்பு, குறைகள் இல்லாமல் இராது. அவற்றை நான் மறைக்கவில்லை. 'அறியப்பட்ட குறைபாடுகள்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதன் இறுதியில், 'மறுதொடக்கத்திற்குப் பின் அறிவிப்புச் சேவை நிர்வாகியின் அங்கீகாரத்தைக் கோரும்' என்றொரு வாக்கியம் உண்டு. கணினி அணைந்து எழுந்தால், யாரேனும் கடவுச்சொல்லை இடும்வரை மணி ஒலிக்காது என்பது அதன் பொருள். அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் தங்கை முன்னரே சொல்லியிருந்தாள்: "மணி அடிக்கிறதுல துளி சந்தேகம் இருந்தாலும் எனக்குப் பழைய மணியே போதும்ணா."

அப்பக்கத்தை முழுவதும் படித்தவள் செவிலி ஒருத்திதான்.

"சார், கடைசி வரி தலையும் புரியல, வாலும் புரியல. மணி அடிக்கும்ல?"

"அடிக்கும்மா."

மூன்றாம் அறையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வெள்ளோட்டத்தின்போது பொத்தானை அழுத்திவிட்டு, "இந்த ஹாரனுக்காவது ஆள் திரும்பிப் பாக்குதே," என்றார். அனைவரும் சிரித்தோம். அவருக்கு மூச்சிரைப்பு நோய்.

ஒரு பிற்பகல், சிறு திருத்தம் ஒன்றைச் சேர்ப்பதற்காக வீட்டிலிருந்தே அக்கணினியை மறுதொடக்கம் செய்தேன். கடவுச்சொல்லை அங்கிருந்துதான் இட முடியும். செவிலியை அழைத்து இடச் சொல்லலாமென்று கைப்பேசியை எடுத்தேன். சொன்னால் காரணம் கேட்பாள். தங்கையின் காதுக்குப் போகும். மாலையில் நேரில் சென்று ஓசைப்படாமல் இட்டுவிடலாம் என்று கைப்பேசியைக் கீழே வைத்தேன்.

மணி ஒலிக்காவிட்டாலும் அழைப்புகள் பதிவாகும். என் திரையில் மூன்றாம் அறையின் அழைப்பு தோன்றிற்று. தண்ணீர் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மீண்டும் மீண்டும் தோன்றிற்று. பின்னர் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

செய்தி கேட்டு இல்லத்திற்குச் சென்றவன், முதலில் கடவுச்சொல்லை இட்டேன். பிறகுதான் அவர் உடலைப் பார்க்கப் போனேன்.

செவிலி உறங்கிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் அவள் என் வீட்டிற்கு வந்தாள்.

"சத்தியமா நான் கண்ண மூடல சார். போன் கையிலேயேதான் இருந்துச்சு. மெஷின்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லன்னா இனி எனக்கு எவனும் வேலை தரமாட்டான்."

பதிவை அவள் முன்னிலையிலேயே திறந்தேன். ஓர் அழைப்பும் அவளைச் சென்றடையவில்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. அவள் கண்ணுக்கு அது வெறும் எண்களின் குவியல்.

"எல்லாம் வந்திருக்கும்மா," என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "அப்போ அசந்துட்டேன் போல சார். எனக்கே தெரியாம."

அவ்வாறே எழுதிக் கையொப்பமும் இட்டாள். உங்கள் மேசைமேல் இருப்பது அதுதான். அவளை நேற்று நீங்கள் இந்தக் காவல் நிலையத்திற்கு அழைத்து வந்ததாகத் தங்கை சொன்னாள். அதனால்தான் வந்தேன். அவள் உறங்கவில்லை. மணி ஒலிக்காது என்பதை அறிந்தே நான் வாளாவிருந்தேன், அவர் இறந்தார்.

அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவ்வளவு துயரத்திலும் அவள் தன்னைச் சந்தேகித்தாளேயன்றி என் மென்பொருளைச் சந்தேகிக்கவில்லை. அந்த நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை.