பாம்பு முழுங்காத சூரியன்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"சூரியனைப் பாம்பு முழுங்கலைன்னு எல்லாப் பிள்ளைகளும் எழுதிருச்சுக்கா. அதான் இப்பப் பிரச்சனை," என்றார் அவர்.

"நல்லதுதானே? டேப்லெட்ல கிரகணத்தைக் காட்டிப் பாடம் நடத்துனா நம்பிக்கை மாறுதான்னு பாக்குறதுதான ஒன் ஆராய்ச்சி?"

"மாறிருச்சுன்னுதான் நெனச்சேன். கடைசியில சும்மா கேட்டேன், அப்ப கிரகண நேரத்துல சாப்புடுவீங்களான்னு. மாட்டோம் மிஸ்னு மொத்தக் கிளாஸும் சொல்லுது."

"ஏனாம்?"

"'நெலாவோட நெழல்தான் மிஸ், ஆனா அம்மா சோறாக்க மாட்டாங்களே'ங்குது ஒரு புள்ள. கோட்டைப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு, 'எங்களுக்கு அன்னைக்குத் தொழுகை இருக்கு மிஸ். நெழல்னு தெரிஞ்சுதான் தொழுவோம்'ங்குது."

மூத்தவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கக்கா. மூணு வருச வேலை. இதை அறிவியல்ல சேக்குறதா, நம்பிக்கையில சேக்குறதான்னு கைடு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"சமையல்ல சேத்துரட்டுமா சார்னேன்."

"அடிப்பாவி. கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லக்கா. மெதுவாச் சொல்றாரு, 'எங்க வீட்டுலயும் அன்னைக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டாங்கம்மா. இதைத் தனி அத்தியாயமாவே எழுதிருங்க.'"