பச்சைத் தட்டில் அடங்காத இடுப்பு

தலைமை ஏற்று நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எலும்பை அறுக்கும்போதும் முகம் சுளிக்காத மருத்துவப் பெருமக்களே, கைத்தடியோடு வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளை சுமந்து சுமந்து இடுப்புத் தேய்ந்த தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் தூங்குவதுபோல் நடிக்கும் என் கொழுந்தனாரே, வணக்கம்.

இந்த ஆஸ்பத்திரி விழாவில் நன்றி சொல்லத்தான் அழைத்தார்கள். சொல்லாமல் இறங்கமாட்டேன். அதற்குமுன் ஒரு வழக்கு இருக்கிறது.

நான் மணமேடையை விட்டு இறங்கிய அன்றே கொழுந்தனார் திருவாய் மலர்ந்தார்: "அண்ணிக்கு ஆம்பள இடுப்பு. நம்ம வாசக்கதவு பத்தாது." சபை சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் இங்கே இருக்கிறார்கள்.

காலம் ஓடியது, கால்தான் ஓடவில்லை. எனக்கும் கொழுந்தனாருக்கும் இடுப்பு மூட்டுத் தேய்ந்தது. ஒரே நாளில், அடுத்தடுத்த அறைகளில் ஆபரேஷன். எனக்கு ஒரே ஆசை. அடுத்த தெரு மகள் வீட்டுக்கு யார் தோளையும் பிடிக்காமல் நடந்துபோக வேண்டும்.

பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். தொடை எலும்பின் உருண்டை, இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் சுழல்கிறதாம். ஆணின் கிண்ணம் பொதுவாக அகலம். பெண்ணின் கிண்ணம் சிறியது, சற்றே முன்பக்கம் பார்த்திருக்கும். எதற்கு இந்த அளவெல்லாம்? செயற்கைக் கிண்ணம் செய்ய, அதைச் சரியான சாய்வில் பொருத்த, மண்ணுக்குள் கிடைத்த எலும்பு ஆணா பெண்ணா என்று கணிக்க. பயன் பெரிது. நான் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே ஒரு வழக்கம். பெண்ணுக்குப் பச்சைத் தட்டு, சின்னக் கிண்ணங்கள். ஆணுக்கு நீலத் தட்டு, பெரிய கிண்ணங்கள். படுத்திருப்பது அம்மாவா ஐயாவா என்று பார்த்துத் தட்டு வரும்.

முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. காது மரத்துப்போகவில்லை.

"சிஸ்டர், இது ஆடுது. அடுத்த சைஸ் குடுங்க."

"பச்சைத் தட்டுல இதான் டாக்டர் பெருசு."

"இதை வச்சா எந்திரிச்சு நடக்கும்போதே கழண்டுரும். நீலம் எங்க?"

"பக்கத்து ரூம்ல. அங்க பச்சை கேக்கறாங்க டாக்டர். அந்த ஐயாவுக்கு எதுவுமே உள்ள போகலையாம்."

உறை பிரிக்காத கிண்ணங்கள் கதவு தாண்டி இடம் மாறின. (யாரப்பா அது கைதட்டுவது? பொறு, இன்னும் முடியவில்லை.)

ஆக, கொழுந்தனார் அன்று சொன்னது உண்மை. உண்மை என்பதற்காக மன்னிக்க முடியுமா? அவருடைய அளவை நான் சபையில் சொல்வது மரியாதையில்லை. பச்சைத் தட்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவப் பெருமக்களே, சராசரி ஊருக்கு, கிண்ணம் ஆளுக்கு. ஆயிரம் பெண்களை அளந்தீர்கள், அருமை. அடுத்து வந்து படுப்பவளை அளந்தீர்களா? தட்டைப் பார்த்து இடுப்பைத் தீர்மானிக்காதீர்கள். இடுப்பை அளந்து தட்டை எடுங்கள். அம்மா என்றாலும் அளங்கள், ஐயா என்றாலும் அளங்கள், ஆண்டவனே வந்து படுத்தாலும் அளங்கள்!

இப்போது இரண்டு தட்டும் எல்லா அறைக்கும் போகிறது என்று பெரிய டாக்டர் சொல்கிறார். எப்போதிலிருந்து? நேற்றிலிருந்தாம். நான் பேசப்போவது நேற்றுத்தான் தெரிந்திருக்கும்.

கொழுந்தனார் எழுந்துவிட்டார். என்ன?

"அண்ணி, அன்னிக்குச் சொன்னது தப்புதான். போதும், எறங்குங்க. கையப் பிடிச்சுக்கறேன்."

கை வேண்டாம். சபைக்குக் கேட்டதல்லவா? அது போதும்.

ஆடாத கிண்ணம் தந்த கைகளுக்கு நன்றி. அமைதியாகக் கேட்ட அனைவருக்கும் வணக்கம். இங்கிருந்து மகள் வீட்டுக்கு நடந்துதான் போகிறேன். கொழுந்தனாரும் பின்னால் வரலாம். வாசற்கதவு பத்தும்.