நிறுத்தப் பயந்த லொறி

காலை ஒன்பது பத்து. கொட்டாஞ்சேனையில், துறைமுக வாயிலுக்குப் போகும் வரிசையில் ஒரு லொறி ஆளில்லாமல் எஞ்சின் ஓடியபடி நின்றது. அதன் சாரதி எதிரிலிருந்த தேநீர்க் கடையில், என் பக்கத்து மேசையில் இருந்தார்.

“எஞ்சினை நிப்பாட்டினா திரும்ப எழும்புமோ தெரியாது, மச்சான்,” என்றார், கூட இருந்த மெக்கானிக்கிடம்.

“அப்ப ராவிலயும் ஓட விட்டுட்டுத்தான் படுக்கிறியோ?”

“பகிடி விடாத. கேட்டில கடதாசி பாக்கேக்க கட்டாயம் நிப்பாட்டச் சொல்லுவாங்கள். போன கிழமை அங்கயே ரெண்டு தரம் எழும்பேல்ல. இன்னொருக்கா கேட்டை மறிச்சா சாவியைத் தந்திட்டுப் போ எண்டு முதலாளி சொல்லிட்டார்.”

“பெற்றரி?”

“புதுசு. ஸ்டார்ட்டரும் கழட்டிப் பாத்தாச்சு.”

மெக்கானிக் எழுந்து போய், லொறியின் கதவைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார்.

“உன்ர செருப்பு ஏன் கிளச்சுக்குக் கீழ கிடக்குது?”

“முன்னுக்கு மாதா சிலை இருக்குது. செருப்போட ஓட்டுவனோ?”

“அட விசரா! கிளச்சை அடிவரைக்கும் மிதிச்சாத்தான் இது ஸ்டார்ட் ஆகும். செருப்பு உள்ளுக்குச் சறுக்கினா மிதி முழுக்க இறங்காது. நிப்பாட்டு, இப்பவே பாப்பம்.”

“ஐயோ, வேணாம். இங்கயே எழும்பாட்டி?”

வரிசை நகர்ந்தது. சாரதி ஓடிப்போய் வெறுங்காலுடன் ஏறினார். மெக்கானிக் அந்தச் செருப்புகளை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

வாயிலில் எஞ்சின் சத்தம் நின்றது. காவலர் கடதாசிகளைப் பார்த்து முடிக்கும்வரை மெக்கானிக் தேநீரைத் தொடவில்லை.

பிறகு லொறி உள்ளே போனது.