கையால் முடுக்கிய நட்டு

எஞ்சினைச் சூடாக்காமல் எண்ணெய் இறக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. ஆறின எண்ணெய் கஞ்சி மாதிரி அடியில் தங்கிவிடும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிமிர்த்தி நிறுத்தி, கீழே பேசினை வைத்து, பிறகுதான் அடி நட்டைக் கழற்ற வேண்டும். எங்கள் முக்கோனோ ஊர் ஸ்டாண்டில் ஆள் ஏற்றி பைக் ஓட்டுகிற எல்லோரும் இதற்கு என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். லுபேகா கை வைத்தால் வண்டி பாடும் என்று அவர்களே சொல்வார்கள்.

செம்புயாவும் வந்தான். அன்று அவன் முறைப்படி பெண் கேட்கப் புறப்படுகிற நாள். பெண், ஸ்டாண்டுக்கு எதிரே வாழைப்பழம் சுட்டு விற்கிற நக்கிட்டோ. எனக்கும் நக்கிட்டோவைப் பிடிக்கும். எனக்கென்று கருகாத பழமாகப் பொறுக்கிக் கொடுப்பாள். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறாள் என்கிறார்கள். அவர்கள் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

செம்புயா பேசின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வலது கையை நீட்டிக் காட்டினான். அந்தக் கையில் சுண்டுவிரல் பாதிதான்; மீதி எப்போதோ சங்கிலியில் மாட்டிப் போய்விட்டது.

"பாரேன்டா, எப்படி நடுங்குதுன்னு."

"பாதி விரலுக்கே இந்த ஆட்டமா? முழுசா இருந்திருந்தா ஊரையே ஆட்டியிருப்பே."

"சிரிக்காதடா. அவ அத்தைதான் மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சுப் பூக் குத்தணும், அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதாம். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை அங்கியில உக்காந்திருப்போம். மாப்பிள்ளைன்னு நெனச்சு உன் நெஞ்சில பூவைக் குத்திட்டா என்ன பண்றது?"

"என்ன பண்றது, நல்லா சாப்பிட்டுட்டு பொண்ணோட வருவேன்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. அதுவரை எனக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

அவன் அங்கி மாற்ற உள்ளே போனான். நான் புது எண்ணெய் ஊற்றினேன். முதல் தரமான எண்ணெய், கலப்படம் கிடையாது. இந்த வண்டிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்தான். அது போனால் இரண்டும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டு போட்டது போல நின்றுவிடும். அடி நட்டை முன்பே விரலால் மட்டும் முடுக்கியிருந்தேன். ஸ்பேனர் மடியிலேயே இருந்தது. மனசு அன்று அவ்வளவு லேசாக இருந்தது, இரும்பைத் தொடப் பிடிக்கவில்லை.

புறப்பட்டோம். அந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்டாண்டு மொத்தமும் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, கரும்புக்காட்டு வழியே. ஒருவன் அங்கி காற்றில் எழும்பி முகத்தை மூடி, அவன் கண் தெரியாமலே பாட்டுப் பாடிக்கொண்டு போனான். மாப்பிள்ளை முன்னால் போனால் அடையாளம் தெரிந்துவிடும் என்று செம்புயாவைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் நான். வண்டி நின்றால் சரிசெய்கிறவன் கடைசியில் வருவதுதான் எங்கள் வழக்கம். செம்புயா தன் வண்டியின் பின்னால் கட்டியிருந்த கூடையில் பெண்ணின் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய சேவல். அந்தச் சேவல் கைமாறாமல் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. நானும் சத்தமாகப் பாடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பெரிய சரிவில், லாரிகள் வேகம் எடுக்கிற இடத்தில், தார் மேல் கறுப்பாக ஒரு கோடு விழ ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் அவன் சக்கரம் நின்றது. அவன் வண்டியோடு பள்ளத்தில் கரும்புக்குள் போனான்.

நான் நிறுத்தினேன். நிறுத்தவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி அவன் இடுப்பின் மேல் கிடந்தது. உடம்பெல்லாம் எண்ணெயும் மண்ணும். "லுபேகா, தூக்குடா" என்றான். நான் கூடையை அவிழ்த்தேன். சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது பின்னாலிருந்து என் அங்கியைப் பிடித்தான். மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டேன். அவனை நான் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெண் வீட்டுத் தெரு முனையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்கடா?"

"வயிறு சரியில்லையாம், ஒதுங்கியிருக்கான். சேவலை என்கிட்ட கொடுத்தனுப்பிட்டான். லேட்டானா அபராதம் போடுவாங்க, நடங்க."

பயத்தில் வயிறு கலங்கிவிட்டது என்று ஆளுக்கொரு கிண்டல் சொல்லிக்கொண்டு உள்ளே போனோம். பந்தலில் வரிசையாக உட்கார்ந்தோம். அத்தை பூவோடு வந்தாள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தாள். செம்புயாவோடு முன்பு வந்தபோதெல்லாம் அதிகம் பேசினது நான்தான். என் முன்னால் நின்று, பூவை என் நெஞ்சில் குத்தினாள்.

ஸ்டாண்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வந்து சேருகிறவரை இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை.

"எழுந்திரு மருமகனே. சுத்தி நில்லு, பின்னாடி இருக்கிறவங்களும் பாக்கட்டும்."

எழுந்து சுற்றினேன். சிரிப்பு பின்வரிசையில் முதலில் நின்றது, பிறகு ஒவ்வொரு வரிசையாக நின்றது. நக்கிட்டோ வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். என் பின்னால் மண்டியிட்டு அங்கியின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். கறுப்பாக ஒரு கை பதிந்திருந்தது. அதன் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பதிந்த கையில் சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றது.

"என் செம்புயா எங்க?" என்றாள்.

ஓடிப் போனார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள் அவனை மேலே தூக்கிக் கிடத்தியிருந்தார்களாம். அப்போதே உயிர் இல்லை. நேரத்தில் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஸ்பேனர் வைத்து முடுக்க மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். மறக்கவில்லை. எந்தச் சரிவில் அந்த நட்டு விழும் என்றுகூட எனக்குத் தெரியும். என் வேலையில் நான் தப்புக் கணக்குப் போடுவதில்லை.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். என்னைப் போகவிடாமல் தடுக்கத்தான் அங்கியைப் பிடித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் என் சிநேகிதன், ஐயா. நீ போடா என்று என்னை முன்னால் தள்ளிவிட்ட கை அது.