மின்னூட்டத்துக்கு மூன்று விலை

என் தலையைக் குனிய வைப்பதற்கென்றே இந்த மேடையின் நடுநாற்காலியில் தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் தரைத்தளத்தின் தனிப்பெரும் தலைவி, தையல்கார அக்கா அவர்களே! மாடிப்படி ஏறி இறங்கியே மருத்துவரை மறந்துபோன மூத்தோர்களே! முன்கூட்டியே வந்து மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்த மதிநுட்பம் மிக்க தாய்மார்களே! நான் முடித்தால்தான் தேநீர் என்று சொல்லப்பட்டதால் பொறுமை காக்கும் பெருமக்களே! முதல் வரிசையில் இருந்தபடி "சுருக்கமா முடிங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் வாழ்க்கைத் துணையே! வழுக்கையால் மட்டும் ஒளிவீசும் இந்த எளியவனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

நம் கார் நிறுத்துமிடத்தில், வீட்டுக்கொரு மீட்டர், மீட்டருக்கொரு பூட்டு என்று அமைந்த புதிய மின்னூட்டப் பெட்டிகளை இன்று திறக்கிறோம். எனக்குத் தந்த தலைப்பு: மின்சாரக் காருக்கு வெளியே சார்ஜ் போடுவது லாபமா, வீட்டில் போடுவது லாபமா? இதைப் பேச என்னைவிடத் தகுதியானவர் இந்தக் கட்டடத்தில் உண்டா? இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

வெளியே போவோம். சாலையோர நிலையத்தில் என் காரின் வயிறு நிறைய முந்நூறு ஆகிறது. அதே வயிறு வீட்டில் நிறைய நூறு. மூன்றுக்கு ஒன்று! அங்கே ஏன் அதிகம்? இடத்துக்கு வாடகை உண்டு, இயந்திரத்துக்கு முதல் உண்டு, முக்கால் மணியில் முடித்தும் தருகிறார்கள். அது வேகத்துக்குக் கூலி. குறை சொல்ல மாட்டேன். வீட்டிலோ எட்டு மணி நேர நத்தை நடை. ஆனால் எந்த நத்தை நம்மிடம் கூலி கேட்கிறது? அந்த முக்கால் மணி நேரமும் நான் சும்மா இருந்தேனா? பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். ஒரே மாதத்தில் மூன்று குடை வாங்கினேன். அந்த மாதம் ஒரு தூறல்கூட இல்லை. என்ன ஐயா, குடையும் கணக்கில் வருமா என்கிறீர்களா? நான் சேர்க்கவில்லை ஐயா. என் மனைவி சேர்த்துவிட்டார்.

நேர்மையாகச் சொல்கிறேன். வீட்டில் தடித்த வயரும் பெட்டியும் மாட்ட முதலில் ஒரு தொகை போகும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது ஒன்றரை ஆண்டில் தேறிவிடும். மாதம் இருமுறை ஓட்டுகிறவர் பேசாமல் வெளியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் நான் அறிஞன். ஆனால் அன்பர்களே, மூன்றாவதாக ஒரு விலை இருக்கிறது. அதன் பெயர் பூஜ்யம். அதைக் கண்டுபிடித்தவன் அடியேன்.

கார் வாங்கிய புதிதில், நிறுத்துமிடத் தூணில் ஒரு பிளக் இருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு பிளக் உண்டு என்பது தெரியும். எது எந்த வீட்டுக்கு என்று எழுதி, வீட்டுச் சாவியோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நான் வீணாக்கவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். எட்டிய பிளக் என்னுடையது என்று எண்ணினேன். செருகினேன். கார் நிறைந்தது. மாதக் கடைசியில் பில் வந்தது. பழைய பில்லைவிட ஒரு காசு கூடவில்லை!

அறிவுள்ளவன் என்ன செய்வான்? யோசிப்பான். நான் என்ன செய்தேன்? சொற்பொழிவு செய்தேன். அலுவலகத்தில் செய்தேன், லிஃப்டில் செய்தேன், முடிவெட்டும் கடையில் கத்தரிக்குக் கீழே இருந்தும் செய்தேன். என் மனைவி மட்டும் ஒருநாள் கேட்டார்: "ஏங்க, கார் ஓடுது, பில்லு ஓடலையே. கொஞ்சம் யோசிக்க வேணாமா?" நான் கம்பீரமாகச் சொன்னேன்: "அதுக்குப் பேருதான் தொழில்நுட்பம்."

அந்த நாட்களில்தான் அக்காவிடம் தைக்கக் கொடுத்த என் சட்டை இஸ்திரி இல்லாமல், கசங்கிய காகிதமாக வந்து சேர்ந்தது. சண்டைக்குப் போனேன். கீழே முன்னறையில் இரண்டு தையல் மெஷின், மின்விசிறி பேருக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் துண்டைப் போட்டு வேர்வையைத் துடைத்துத் துடைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, கரண்டு பில்லு ரெண்டு மடங்காயிடுச்சு. இஸ்திரிப் பெட்டிதான் இழுக்குதோன்னு எடுத்து வெச்சுட்டேன்" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஜீவன் அவர்!

விட்டேனா நான்? அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மின்சிக்கனம் பற்றி அரைமணி நேரம் அருளுரை ஆற்றினேன். ஃபேனைக் குறையுங்கள் என்றேன். ஊசி முனைக்கு வெளிச்சம் தரும் அந்தச் சின்ன விளக்கையும் அணையுங்கள் என்றேன். என்னைப் பாருங்கள், காரே வைத்திருக்கிறேன், பில் ஏறவில்லை என்றேன். சொன்ன வாய் இதுதான் அன்பர்களே, இதே வாய்தான்!

அவர் கேட்டார், செய்தார். பில் இறங்கவில்லை. இஸ்திரி இல்லாத துணியால் வாடிக்கையாளர் குறைந்தார்கள். மூன்றாம் மாதம், பதின்மூன்று ஆண்டுகளாகத் தைத்த அந்த அறையைக் காலி செய்துவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போவதாக வீட்டு உரிமையாளரிடம் சொல்லியும் விட்டார். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று ஒரு ஞாயிறு காலை கரண்டுக்காரரைக் கூப்பிட்டார்.

வீட்டில் இருந்த அத்தனை சுவிட்சையும் அணைத்தார்கள். மீட்டர் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? பறந்தது! கரண்டுக்காரர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றாவதைப் பிடுங்கினார், மீட்டர் நின்றது. அதே நொடியில் மேல்மாடியில், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு நான் நின்றிருக்க, காரோடு இணைந்த என் கைபேசி கத்தியது: மின்னூட்டம் தடைப்பட்டது!

நுரையோடு ஓடினேன். கையில் சவரக் கத்தியோடு ஓடினேன். படியெல்லாம் அதிர, பாதிக் கட்டடம் எட்டிப் பார்க்க, கீழே வந்து முழங்கினேன்: "யாருங்க என் காரோட கரண்டைப் புடுங்கினது?"

கரண்டுக்காரர் கையிலிருந்த ஃபியூஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்தக் கார் உங்களுதா சார்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

நுரையைத் துடைத்துக்கொண்டு தூணைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். தூணுக்குப் பின்பக்கம், யாரும் தொடாமல், சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த இன்னொரு பிளக் இருந்தது. அதுதான் என்னுடையது.

மறுநாள் மூன்று மாதத் தொகையை உறையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். கூடுதலாகவும் வைத்திருந்தேன். அக்கா எண்ணினார். கூடுதலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "காசு சரியாப் போச்சு தம்பி. முக்காலியில உக்காந்து புத்தி சொன்னீங்களே, அதை நான் என்ன பண்ண? அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. தனியா எங்கிட்ட வேணாம். எல்லார் முன்னாடியும், மைக்குல."

நியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

ஆகவே, அக்கா! ஃபேனைக் குறையுங்கள் என்றேனே, அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது முழு வேகத்தில் சுழலட்டும்! விளக்கை அணையுங்கள் என்றேனே, அதையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊசி முனை ஒளிரட்டும்! என்னைப் பாருங்கள் என்றேனே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்னை யாரும் பார்க்க வேண்டாம்! பார்ப்பதானால் இந்தச் சட்டையின் மடிப்பைப் பாருங்கள். இன்று காலை அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து சுடச்சுட இறங்கியது. முன்னறை காலியாகவில்லை. அடுத்த மாதம் மூன்றாவது மெஷின் வருகிறது.

வெளியே முந்நூறு, வீட்டில் நூறு. இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளுங்கள், இரண்டும் உண்மையான விலை. பூஜ்யம் என்று யாராவது சொன்னால் மகிழாதீர்கள். வயரைப் பிடித்துக்கொண்டு போய், அந்த முனையில் யார் வேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட அக்காவுக்கும், மேசைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவித் தந்த என் மனைவிக்கும் நன்றி. இன்னும் பேச ஆசைதான். ஆனால் இந்த மைக் யார் வீட்டு மீட்டரில் ஓடுகிறது என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வருகிறேன், வணக்கம்!